குணமான பிறகு வேலை என்கிறார்கள், வேலையே இல்லாமல் எப்படிக் குணமாவது?

அரைநிலா:
என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். மாதம் ஒரு ஊசி, ராத்திரி மாத்திரை, இதுதான் இப்போதைய வைத்தியம். குரல் கேட்பது பெரும்பாலும் அடங்கிவிட்டது, நன்றாகத் தூங்குகிறான், வீட்டுக் கணக்கை என்னைவிடச் சுத்தமாக எழுதுகிறான். டாக்டரும் ஸ்டேபிள் என்றுதான் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் வேலை என்று பேச்செடுத்தால் போதும், சொந்தக்காரர்களிலிருந்து ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் வரைக்கும் ஒரே பல்லவி: முதலில் முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம். அந்த அப்புறம் வருடக்கணக்காக வந்தபாடில்லை.

கையில் காசு இல்லாதவன் நாலு பேரோடு வெளியே போகமாட்டான், போனால் செலவு பண்ண வேண்டிவரும். போனுக்கு ரீசார்ஜ் போட அக்காவிடம் கேட்க வேண்டும், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போனை அணைத்து வைத்துவிடுவான். இருக்கிற சட்டையையே மாற்றி மாற்றிப் போடுவான், முடி வெட்டுவதைத் தள்ளிப்போடுவான். பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? யாரோடும் பழகமாட்டேன் என்கிறான், தன்னைக் கவனித்துக்கொள்வதில்லை, இன்னும் சரியாகவில்லை! ஆஸ்பத்திரி ஃபைலிலும் அதுவே ஏறிவிடுகிறது. வேலை போன வேறு யாராவது இப்படி இருந்தால் பாவம், கஷ்டத்தில் இருக்கிறார் என்போம். இவனுக்கு மட்டும் எல்லாமே நோயின் அறிகுறி.

முதலில் குணம், பிறகு வேலை, பிறகு தனி வீடு, பிறகு சொந்தக் கணக்கில் பணம் என்ற இந்த வரிசையை யார் போட்டது? எனக்கு இது தலைகீழ் என்றுதான் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் பேசுங்கள், ஆறுதல் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் நேராகவே கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். எந்தப் பெரிய நோய் வந்தாலும் வருமானம் போகும். இது பெரும்பாலும் படிக்கிற வயதிலும் வேலைக்குச் சேருகிற வயதிலும் வருகிற நோய், படிப்பு நின்றுபோகும், வேலை அமையாது, ஆகவே ஏழையாவார்கள். இதில் சமூகத்தைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நோயைச் சரிசெய்தால் மற்றது பின்னால் வரும் என்று டாக்டர்கள் நினைப்பது நியாயம்தானே. நோயால் வறுமையா, வறுமையால் நோயா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு வரிசையைப் பற்றிப் பேசலாம்.

தூரத்துவெளிச்சம்:
மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். கிட்டத்தட்ட நூறு வருடச் சண்டை இது. சிகாகோ நகரத்தில் ஃபாரிஸ், டன்ஹாம் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள், 1939-ல் முடிவு வெளியானது. ஸ்கிசோஃப்ரினியாவுக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் விகிதம் நகர மையத்தை ஒட்டிய ஏழைப் பகுதிகளில்தான் அதிகம். உடனே இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. ஏழ்மைதான் நோயைக் கொண்டுவருகிறது என்று ஒரு கட்சி, நோய் வந்தவர்கள்தான் சரிந்து அங்கே போய்ச் சேருகிறார்கள் என்று இன்னொரு கட்சி.

1963-ல் இங்கிலாந்தில் கோல்ட்பெர்க், மாரிசன் என்பவர்கள் இந்த நோயாளிகளின் அப்பாக்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். அப்பாக்கள் மற்ற ஜனங்களைப் போல எல்லா வர்க்கத்திலும் இருந்தார்கள், பிள்ளைகள்தான் கீழே இறங்கியிருந்தார்கள். அப்புறம் 1992-ல் இஸ்ரேலில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, ஸ்கிசோஃப்ரினியாவுக்குச் சரிவுக் கட்சி சொல்வது பொருந்துகிறது, பெண்களின் மனச்சோர்வுக்கு வாழ்க்கை நிலைமைதான் காரணம் என்ற கட்சி பொருந்துகிறது என்று பிரித்துச் சொன்னது. ஆக உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, எந்த நோய் என்பதைப் பொறுத்தது.

ஆனால் கணக்குப்பிள்ளை சார், சரிவு என்பதை மலையிலிருந்து கல் உருளுகிற மாதிரி நினைக்காதீர்கள். என் வேலையில் நான் பார்ப்பது வேறு. தேர்வுக்கு வராத பையனைத் திரும்பச் சேர்க்கமாட்டோம் என்று ஒரு கல்லூரி முடிவெடுக்கிறது. முதல் முறை அட்மிட் ஆகி வந்ததும் ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்ள ஒரு மேலாளர் முடிவெடுக்கிறார். வீட்டைக் காலி பண்ணச் சொல்ல ஒருவர், சொத்தில் 'இவனுக்கு எதற்கு' என்று சொல்லக் கூடப் பிறந்தவர்கள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு ஆள் நின்று தள்ளியிருக்கிறார், பல பேர் கெட்ட எண்ணத்தோடுகூட இல்லை. நோய் அந்தப் பையனை மூன்று மாதம் படுக்கவைத்தது, மீதி இருபது வருடத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நேர்பேச்சு:
எல்லாருக்கும்தான் மனக்கஷ்டம் இருக்கிறது, எல்லாரும் படுத்துவிட்டோமா? உழைக்க மனசு இருந்தால் வழி இருக்கும். உதவித்தொகை வாங்கி உட்கார்ந்து பழகியவர்களை எழுப்புவது கஷ்டம்.

ஊசலாடி:
நேர்பேச்சு, எனக்கு பைபோலார், மேனியா என்ற அளவுகடந்த வேகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருகிற நோய். உட்கார்ந்து பழகின ஆளா நான் என்று நீங்களே சொல்லுங்கள். மேனியா வந்தபோது ராத்திரி பகலாக உழைத்தேன், பிரச்சினையே அதுதான். தூக்கமே வேண்டாம், உலகத்தையே வாங்கிவிடலாம் போலிருக்கும், வாங்கவும் செய்தேன், ஆன்லைன் கடன் செயலிகள் நள்ளிரவில் கேட்கக் கேட்கக் கொடுத்தன, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேனியா இறங்கிய பிறகு கடன் இறங்கவில்லை. அடுத்து வந்த மனச்சோர்வில் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தபோது வசூல்காரர்களின் அழைப்புதான் அலாரம். மருந்து நோயைப் பார்த்துக்கொள்ளும், வட்டியை யார் பார்த்துக்கொள்வது? இங்கிலாந்தில் 2021 முதல் ஒரு ஏற்பாடு உண்டு, மனநல நெருக்கடிக்கான சிகிச்சையில் இருக்கும்வரை, அது முடிந்து 30 நாள் வரைக்கும், பெரும்பாலான கடன்களில் வட்டியும் வசூல் நெருக்கடியும் நிறுத்திவைக்கப்படும். இதைச் செய்ய பெரிய ஞானம் வேண்டியதில்லை, அங்கே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உதவித்தொகையில் சொகுசு பற்றி. அமெரிக்காவில் வேலை செய்ய முடியாத ஏழைகளுக்கான எஸ்எஸ்ஐ என்ற உதவியில், தனி ஆள் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது. அந்த எல்லை 1989-லிருந்து நகரவே இல்லை, இடையில் விலைவாசி எங்கே போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும். சம்பாதிக்க ஆரம்பித்தால் ஒரு சிறு தொகைக்கு மேல் ஒவ்வொரு 2 டாலருக்கும் உதவியில் 1 டாலர் வெட்டு. அதாவது சேர்த்துவைத்தாலும் தப்பு, சம்பாதித்தாலும் வெட்டு. இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு ஏன் எழுந்து நடக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

இந்த மாதிரி உதவியை வாங்கப் போவதும் சாதாரணமில்லை. மதிப்பீட்டுக்கு வரச் சொல்வார்கள். நல்ல நாளில் போனால் குளித்து, சட்டை மடித்துப் போட்டு, தெளிவாகப் பேசுவேன், உடனே 'நன்றாகத்தானே இருக்கிறார்'. மோசமான நாளில் வீட்டைவிட்டே வரமுடியாது, வராதவர் என்று விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். நோய் தெரிய வேண்டுமானால் அவர்கள் கொடுத்த தேதியில், அவர்கள் கொடுத்த நேரத்தில் நோயாளியாக இருக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்:
நேர்பேச்சு, அடுத்த பதிவிலும் இதே தொனி என்றால் நீக்கப்படும். மற்றவர்கள் தொடருங்கள்.

அம்மா_ஒருத்தி:
அரைநிலா கண்ணு, நீ எழுதினதைப் படித்துவிட்டுத்தான் முதல் முறை இங்கே எழுதுகிறேன். என் மகளுக்கும் இதே நோய். வேலை கொடுக்கவேண்டும் என்று நீங்கள் எல்லாம் சொல்கிறீர்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு தடவை வேலைக்குப் போய், அங்கே யாரோ எதையோ சொல்லி, மாத்திரையை நிறுத்தி, மறுபடி அட்மிட் ஆகி, அதை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவள் வீட்டில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், அதுதான் உண்மை. நான் இருக்கிறவரைக்கும் பார்த்துக்கொள்வேன். என்னைப் பாடாய்ப்படுத்துவது, எனக்குப் பிறகு யார் என்பதுதான். பணத்தை அவள் பேரில் போட்டால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள், அவள் அண்ணன் பேரில் போட்டால் அவனே...எழுதக் கூடாது, விடுங்கள்.

முன்னாள்_எச்ஆர்:
ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், இனி அந்த வேலையில் இல்லை, அதனால் திறந்து பேசலாம். ரெஸ்யூமில் இரண்டு வருட இடைவெளி இருந்தால் நாங்கள் கேட்போம். குடும்பச் சூழ்நிலை என்றால் அடுத்த கேள்விக்குப் போவோம், விபத்து என்றால் அனுதாபப்படுவோம், மனநோய் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் 'பிறகு தெரிவிக்கிறோம்'. பயம் என்னவென்று கேட்டால் யாராலும் தெளிவாகச் சொல்ல முடியாது. யாரையாவது அடித்துவிடுவாரோ, திடீரென்று வராமல் போவாரோ, கூட வேலை செய்பவர்கள் முகம் சுளிப்பார்களோ, இப்படி மங்கலான ஒரு பயம். குடித்துவிட்டு வந்து ரகளை பண்ணியவருக்கு மூன்று வாய்ப்பு கொடுத்த அதே நிறுவனம் இது.

அதனால் மறைக்கிறார்கள். 27 நாடுகளில் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. நோயை மறைக்க வேண்டியிருக்கிறது என்று 72% பேர் சொல்லியிருந்தார்கள். வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பித்தால் ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் 64%. ஆனால் வேலை தேடும்போது உண்மையிலேயே ஒதுக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 29%தான். இதை எடுத்துக்கொண்டு 'பார், பயம்தான் அதிகம், பாகுபாடு கம்மி' என்று யாரும் வரவேண்டாம். விண்ணப்பமே போடாதவரை எப்படி நிராகரிப்பது?

கணக்குப்பிள்ளை:
சரி, தூரத்துவெளிச்சம் சொன்ன சரிவு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த அம்மா சொன்ன பயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வேலைக்குப் போனால் நோய் திரும்ப வரும் என்பது பொய்யா? அரைநிலா சொல்கிற தலைகீழ் வரிசையை யாராவது எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா, அல்லது இது நல்லெண்ணம் மட்டும்தானா?

தூரத்துவெளிச்சம்:
செய்து பார்த்திருக்கிறார்கள், நிறையவே. அமெரிக்காவில் 1990களில் ஐபிஎஸ் (Individual Placement and Support, நேராக வேலையில் சேர்த்துவிட்டுக் கூடவே இருந்து உதவுவது) என்று ஒரு முறை வந்தது. வேலை செய்ய விரும்புகிறேன் என்று நோயாளி சொன்னால் போதும், அதுதான் ஒரே தகுதி. முதலில் ஒரு வருடம் பயிற்சி, பிறகு மெழுகுவத்தி செய்கிற பட்டறை, பிறகு பார்க்கலாம் என்ற இழுவை கிடையாது. சில வாரங்களிலேயே சாதாரணச் சந்தை வேலை, சாதாரணச் சம்பளம் தேட ஆரம்பிப்பார்கள். வேலை தேடித்தருகிற பணியாளர் டாக்டர், நர்ஸ் இருக்கிற அதே குழுவில் உட்கார்ந்திருப்பார், வேலை கிடைத்த பிறகும் விட்டுவிட மாட்டார். 2007-ல் லண்டன், சூரிக், சோஃபியா உட்பட ஐரோப்பாவின் 6 நகரங்களில் 312 பேரை வைத்து, பழைய பயிற்சி முறையோடு ஒப்பிட்டு இதைச் சோதித்தார்கள். இந்த முறையில் 55% பேருக்கு வேலை கிடைத்தது, பழைய முறையில் 28%. அம்மாவின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது, நோய் முற்றி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வேலைக்கு நேராகப் போன குழுவில் 20%, பயிற்சி கொடுத்துக் காக்கவைத்த குழுவில் 31%.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். 55% என்பது 'ஒரு நாளாவது வேலை செய்தவர்கள்'. ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு ஓடிவந்தவரும் அந்தக் கணக்கில் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

தூரத்துவெளிச்சம்:
உண்மைதான், அளவுகோல் அதுதான். ஒரு நாள் என்பது இரண்டு குழுவுக்கும் பொது, அதனால் ஒப்பீடு நிற்கிறது. ஆனால் வேலையில் நீடிப்பது தனிப் பிரச்சினை, அங்கேதான் எங்கள் பாடு. வேலை கிடைப்பதைவிட ஆறாவது மாதத்தில் அதைக் காப்பாற்றுவது கஷ்டம், மேற்பார்வையாளர் மாறினால் போதும், எல்லாம் ஆட்டம் காணும்.

இன்னொன்றையும் முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சார் தேடிப் படித்துவிட்டு வருவார். வீடு விஷயத்திலும் இதே தலைகீழ் வரிசையைக் கனடாவில் 2009 முதல் 2013 வரை 5 நகரங்களில் 2,000-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்தார்கள். தெருவில் இருந்த மனநோயாளிகளுக்கு, மருந்து சாப்பிடு, குடியை நிறுத்து என்ற நிபந்தனை இல்லாமல் நேராக வீடு. கடைசி ஆறு மாதத்தில் முழு நேரமும் வீட்டிலேயே இருந்தவர்கள் 62%, வழக்கமான உதவி பெற்றவர்களில் 31%. ஆனால் நோயின் அறிகுறிகள் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தன. வீடு கொடுத்தால் நோய் போய்விடாது. நோய் போகாவிட்டாலும் வீட்டில் வாழ முடியும் என்பதுதான் அதில் தெரிந்தது. எனக்கு இதுவே போதும்.

அரைநிலா:
இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, எனக்கே சொல்லத் தெரியவில்லை. குணம் என்பதை நுழைவுச்சீட்டு மாதிரி வைத்திருக்கிறார்கள், அது இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று. சர்க்கரை நோயாளியிடம் சர்க்கரை முழுக்கப் போனபிறகு வேலைக்கு வா என்று யாரும் சொல்வதில்லை.

அந்த மெழுகுவத்திப் பட்டறை பற்றி. தம்பி போன மறுவாழ்வு மையத்தில் அவனைக் காகித உறை ஒட்டச் சொன்னார்கள். கணக்கியல் படித்தவன். ஒட்டினான், ஒன்றும் சொல்லவில்லை, அவன் கை வேகம் குறைவு என்று குறிப்பு எழுதினார்கள்! மாத்திரையால் விரல் நடுங்குகிறவன் பசை தடவினால் வேகம் எங்கிருந்து வரும். அந்த உறைகளை விற்றார்கள், அவனுக்குக் கிடைத்த தொகையைச் சம்பளம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஊசலாடி:
சிகிச்சை என்ற பேரில் கூலியில்லா வேலை என்பது பழைய வியாதி. இத்தாலியில் ட்ரியெஸ்தே மனநல மருத்துவமனையில் நோயாளிகள்தான் கூட்டுவதும் துவைப்பதும் சமையலறை வேலையும், 'தொழில் சிகிச்சை' என்ற கணக்கில். 1971-ல் பசாலியா என்ற டாக்டர் பொறுப்புக்கு வந்த கொஞ்ச நாளில் அதே நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு ஒப்பந்தம் போட்டு, முறையான கூலி வாங்க ஆரம்பித்தார்கள். புது வேலை எதுவும் இல்லை, கூலிதான் புதுசு. அந்த நாட்டில் 1978-ல் மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சட்டம் வந்தது, 1991-ல் சமூகக் கூட்டுறவுகளுக்குத் தனிச் சட்டம். அதன்படி வேலைவாய்ப்புக்கான கூட்டுறவுகளில் குறைந்தது 30% தொழிலாளர்கள் சமூகம் ஒதுக்கிவைத்த பிரிவினராக இருக்க வேண்டும்.

மூடினால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. 1955-ல் மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.6 லட்சம் பேர், 1990களின் நடுவில் ஒரு லட்சத்துக்கும் கீழே. வெளியே வந்தவர்களுக்காகத் திட்டமிட்ட சமூக மனநல மையங்களில் பாதிகூட உருப்படியாக வரவில்லை. எங்கே போனார்கள்? நிறையப் பேர் தெருவுக்கும் சிறைக்கும்.

அம்மா_ஒருத்தி:
தூரத்துவெளிச்சம் சொன்ன அந்த 20, 31 கணக்கை என் மகனை விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னேன். நம்பலாம் என்கிறீர்களா? நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதே அவளுக்குக் கெடுதலா என்று கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அவள் போக விரும்பினால் விடலாமா, அதைச் சொல்லுங்கள். வேலைக்குப் போனால் இப்போது வருகிற உதவித்தொகை நின்றுவிடுமா?

தூரத்துவெளிச்சம்:
அம்மா, ஆய்வு எண் உங்கள் மகளுக்கு ஜாதகம் இல்லை, சராசரி. ஆனால் வேலை என்றாலே நோய் திரும்பும் என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு, அதைத் தைரியமாகச் சொல்வேன். அவள் போக விரும்பினால் குறைந்த மணி நேரத்தில் ஆரம்பியுங்கள், மாத்திரையும் அடுத்த டாக்டர் தேதியும் வேலையால் தவறாத மாதிரி நேரத்தை அமையுங்கள். நோய் திரும்ப வரும்போது அவளுக்கு முதலில் எது கெடும் என்று உங்களுக்குத்தான் தெரியும், தூக்கமா, சந்தேகமா, பேச்சா. அதை அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், அவளே கையெழுத்துப் போடட்டும். எவ்வளவு சம்பாதித்தால் எவ்வளவு குறையும், வேலை போனால் உதவி திரும்பக் கிடைக்குமா, இதை வேலையில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பவேண்டாம், சொன்னவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.

பணத்தை யார் பேரில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது, அதன் 12-வது பிரிவு இவர்களும் சொத்து வைத்திருக்கலாம், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கலாம், அதற்கு வேண்டிய உதவியை அரசு செய்துதர வேண்டும் என்கிறது. நடைமுறை எல்லா இடத்திலும் அப்படி இல்லை, தெரியும். ஆனால் அவளை மொத்தமாக விலக்கிவிட்டு அண்ணன் பேரில் எழுதும் முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். அவள் பேரிலேயே இருந்து, பெரிய தொகை எடுக்க மட்டும் இரண்டாவது ஆளின் ஒப்புதல் வேண்டும் என்ற மாதிரி வழி இருக்கிறதா என்று கேட்டால் சரியான கேள்வியாக இருக்கும்.

முன்னாள்_எச்ஆர்:
அரைநிலா, உங்கள் தம்பிக்கு ஒரு யோசனை. டாக்டரிடம் நோயின் பேர் எழுதிய சான்றிதழ் வாங்காதீர்கள். 'காலை 11 மணிக்கு மேல் வேலை, வாரம் இவ்வளவு மணி நேரம், மாதம் ஒரு நாள் மருத்துவ விடுப்பு தேவை' என்று தேவையை மட்டும் எழுதிய கடிதம் வாங்குங்கள். நோயின் பேரைப் பார்த்தால் நான் பயந்திருப்பேன், 11 மணி என்று பார்த்தால் ஷிஃப்ட் அட்டவணையைத்தான் எடுத்திருப்பேன்.

அரைநிலா:
காலை மந்தம்தான் அவனுக்குப் பெரிய தொல்லை, ராத்திரி மாத்திரை விடிந்தும் இறங்காது, 11 மணி என்றால் சமாளிப்பான். கடிதத்துக்கு இந்த முறை ஊசிக்குப் போகும்போதே கேட்கிறேன்.

அவனிடம் இந்த இழையைக் காட்டினேன். அவன் கேட்ட ஒரே கேள்வி, சம்பளம் யார் கணக்கில் வரும் என்பது. இப்போது இருப்பது அப்பாவோடு கூட்டுக் கணக்கு, கார்டும் அப்பாவிடம். தனிக் கணக்கு தொடங்கப் போனால் கை நடுக்கத்தில் ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வொரு மாதிரி வருகிறது, பழைய ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாருக்காவது இதற்கு வழி தெரியுமா?

ஊசலாடி:
எனக்கு லித்தியம் என்ற பைபோலார் மருந்தால் அதே நடுக்கம். நீளக் கையெழுத்தை விட்டுவிட்டு இரண்டு எழுத்தில் சின்னதாக ஒன்று பழகச் சொல்லுங்கள், அதையே மாதிரிக் கையெழுத்தாகப் பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நடுக்கத்தை டாக்டரிடமும் சொல்லுங்கள், அளவை மாற்றியோ வேறு மருந்து சேர்த்தோ குறைக்க முடியும், நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்பதில்லை. பேங்க்குக்கு மத்தியானத்துக்கு மேல் போங்கள், அவன் கையும் கொஞ்சம் நிதானமாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.